ஐந்து நிமிட ஆங்கில செமினார்: எதை விடுவது?

கேள்வி: தருமபுரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. எங்கள் மாவட்ட நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பற்றி 5 நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறேன். ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: மனப்பாடத்தில் ஒரு வரி நழுவினால் அடுத்த வரிக்குப் பிடி கிடைக்காது. அதனால் முதல் இரண்டு வரிகளையும் கடைசி வரியையும் மட்டும் நெட்டுருப் போடுங்கள். நடுப்பகுதிக்கு உள்ளங்கை அளவு அட்டையில் குறிப்புச் சொற்கள் போதும்.

உங்கள் உண்மையான சிக்கல் ஆங்கிலம் அல்ல, சரக்கின் அளவு என்றே நினைக்கிறேன். நிமிடத்துக்கு 100 சொல் என்ற நிதானத்தில் பேசினால் உங்களிடம் இருப்பது 500 சொல்தான். ஃபுளோரின் கண்டுபிடிப்பு, ஆய்வக முறைகள், உலக வரைபடம் எல்லாவற்றையும் அதில் திணிக்க முடியாது. ஒரே கேள்வியை எடுங்கள்: ஆழ்துளைக் கிணற்று நீருக்குள் ஃபுளோரைடு எப்படி வருகிறது? கிரானைட் வகைப் பாறைகளிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து அது மெல்ல நீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை. மிஞ்சினால் பல்லில் பழுப்புக் கறை, நாள்பட்டால் எலும்புப் பாதிப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று முடித்துவிடுங்கள். திட்டச் செலவையும் குழாயின் நீளத்தையும் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்லைடு நான்கு போதும். பத்தி பத்தியாக எழுதிவைத்து, அவைக்கு முதுகைக் காட்டி வாசிப்பதைப் பேச்சு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தமிழ்ச் சாயல் இருந்தால் இருக்கட்டும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்களில் அழுத்தம் சரியாக விழ வேண்டும். நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள். ‘அனாலிசிஸ்’ என்பதில் ‘னா’, ‘கான்சன்ட்ரேஷன்’ என்பதில் ‘ரே’ ஓங்கி ஒலிக்க வேண்டும். அகராதிச் செயலியில் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேட்ட கேள்வி புரியவில்லையா? தலையாட்டிவிட்டு எதையாவது சொல்லாதீர்கள். ‘டூ யூ மீன்’ என்று தொடங்கி, புரிந்தவரை உங்கள் சொற்களில் திருப்பிக் கேளுங்கள். யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

ஒத்திகையை நின்றுகொண்டே, வாய்விட்டு, கைப்பேசியில் பதிவு செய்து பாருங்கள். நாலரை நிமிடத்தைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இன்னொரு செய்தியை வெட்டுங்கள்.