ஜாம்பிசைட் பிளாக் பிளேக் போர்டு கேமைக் குடும்பத்தோடு விளையாட முடியுமா? ஒரே ஆள் எல்லாரையும் ஆட்டிவைக்க மாட்டாரா?

தாராளமாக விளையாடலாம். "எல்லாரும் தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்" என்று கிளம்புகிற ஆள் வீட்டில் இருந்தால் மட்டும் கொஞ்சம் சிக்கல். அந்த ஆளுக்கும் இந்த விளையாட்டே வைத்தியம் வைத்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஐரோப்பிய இடைக்காலத்தை ஒத்த ஒரு கற்பனை ஊர். நெக்ரோமான்சர் என்ற சூனியக்காரர்கள் செத்தவர்களை ஜாம்பிகளாக எழுப்பிவிட்டிருக்கிறார்கள். உயிரோடு மிஞ்சியது ஆறு பேர். அந்த ஆறு பேரையும் வந்திருக்கிற ஆட்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம், தனியாகவும் விளையாடலாம். ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்பார்கள், தோற்றால் எல்லாரும் தோற்பார்கள். ஜாம்பிகளை ஆட்டுவிக்க எதிரே ஆள் கிடையாது. அட்டையும் விதியும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ரஃபாயேல் கிட்டோன், ழான்-பாப்டிஸ்ட் லுல்லியன், நிக்கோலா ராவுல் என்ற மூவர் வடிவமைத்தது. முதல் ஜாம்பிசைட் 2012-இல் இன்றைய நகரம், துப்பாக்கி என்று வந்தது. 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி வந்த இந்த பிளாக் பிளேக்கில் வாள், வில், மந்திரம். எனக்கு இதுதான் பிடிக்கும். விதிகளும் பழையதைவிடத் தெளிவு.

ஒரு சுற்று இப்படிப் போகும். உங்கள் வீரருக்கு மூன்று செயல்கள். நடக்கலாம், கதவை உடைக்கலாம், வீட்டுக்குள் தேடலாம், வெட்டலாம், பக்கத்தில் நிற்பவரோடு பொருள் மாற்றிக்கொள்ளலாம். எல்லாரும் முடித்ததும் ஜாம்பிகள் நகரும். கண்ணில் யாராவது பட்டால் அவரை நோக்கி. யாரும் படாவிட்டால் எங்கே சத்தம் அதிகமோ அந்தப் பக்கம். அப்புறம் புதிதாக ஜாம்பிகள் வரும், சத்தம் எழுந்த இடத்தைக் காட்ட வைத்த அட்டை வில்லைகளை எடுத்துவிட்டு அடுத்த சுற்று. அவ்வளவுதான். ஆயுத அட்டையில் பெரும்பாலும் படமும் எண்ணும்தான்: எவ்வளவு தூரம், எத்தனை டைஸ், எந்த எண்ணோ அதற்கு மேலோ விழ வேண்டும், பட்டால் எவ்வளவு சேதம். இங்கிலீஷ் சரளமாக வராதவர்களும் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். திறமைகளின் பெயர்களை மட்டும் யாராவது விளக்க வேண்டியிருக்கும்.

இனி வைத்தியம். ஒரு சாதாரண ஜாம்பியைக் கொன்றால் ஒரு புள்ளி. புள்ளி ஏற ஏற உங்கள் வீரரின் நிறம் மாறும்: எல்லாரும் தொடங்குவது நீலத்தில், 7 புள்ளியில் மஞ்சளுக்குப் போவீர்கள், நான்காவதாக ஒரு செயல் கிடைக்கும். 19-இல் ஆரஞ்சு, 43-இல் சிவப்பு. ஒவ்வொன்றிலும் புதுத் திறமை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாம்பிகள் வரும் அட்டையிலும் இதே நான்கு நிறங்களில் நான்கு வரிகள் இருக்கும். எந்த வரியைப் படிக்க வேண்டும்? இருப்பவர்களில் யார் நிறம் மேலே இருக்கிறதோ அவருடைய வரியை. சராசரி பார்ப்பதெல்லாம் கிடையாது. ஒருவர் ஆரஞ்சுக்குத் தாவிவிட்டால், இன்னும் இரண்டு புள்ளியோடு கையில் குத்துக்கத்தி வைத்திருக்கிற மற்ற ஐந்து பேருக்கும் ஆரஞ்சுக் கூட்டம்தான் வரும்.

அதனால் இந்த விளையாட்டில் வீராதிவீரன் ஒருவன் கிளம்பினால் கூட்டமே அழியும். நம்ம ஊர் ஆடு புலி ஆட்டத்தில் பதினைந்து ஆடும் இடைவெளி விடாமல் நின்றால்தான் மூன்று புலியை அடைக்க முடியும், தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் ஆடு போய்விடும் அல்லவா? இங்கே ஒரு படி மேலே: துருத்துகிற ஆடு புலிகளின் எண்ணிக்கையையே கூட்டிவிடும்.

என் மச்சான் இதைப் பாடமாகவே நடத்திக் காட்டினான். டிராகன் பைல் என்று ஒரு திரவம் கிடைக்கும். அதைக் கொட்டித் தீப்பந்தத்தால் பற்றவைத்தால் அந்தக் கட்டத்தில் இருக்கிற எல்லாமே எரியும், நம் ஆட்கள் நின்றால் அவர்களும் சேர்த்து. சாதாரண ஆயுதத்துக்கு அசையாத அபாமினேஷன் என்ற பூதமும் சாகும். தெருமுனையில் ஜாம்பிகள் கொத்தாக நின்றுகொண்டிருந்தன. "டேய், எங்களுக்கும் நாலு விடுடா" என்றாள் என் மனைவி. "நீ சும்மா இரு அக்கா" என்று பற்றவைத்தான். எரிந்த அத்தனையும் அவன் கணக்கில் ஏறி, நேராக ஆரஞ்சு. அவன் கைதட்டி முடிப்பதற்குள் என் அக்கா மகள் அட்டையைத் திருப்பினாள். ரன்னர்கள். ஒரு முறைக்கு இரண்டு தடவை ஓடுகிற ஜாதி அது. "மாமா, எனக்கு இன்னும் மூணு பாயின்ட்டுதான்" என்று என்னைப் பார்த்தாள். அவளுடைய வீரர் அடுத்த சுற்றைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மச்சான் வெட்டுவதற்கு முன், "யாருக்குப் புள்ளி வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் டைஸை எடுக்கிறான். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் முறை வரும்போதும் இப்படிக் கேட்டால் நன்றாக இருக்கும், சரி விடுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் இன்னொரு வகை ஆளும் இருக்கிறார். தான் வெட்டமாட்டார், எல்லாருக்கும் உத்தரவு போடுவார். "நீ அங்க நில்லு, நீ கதவைத் திற, நீ கம்முனு இரு." அவரை விதிகளால் முழுசாக அடக்க முடியாது, ஏனென்றால் எல்லாத் தகவலும் மேஜைமேல் திறந்தே கிடக்கிறது. டைஸ் ஓரளவு அவர் வாயை அடைக்கும். எவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்டாலும் மூன்று ஒன்று விழுந்தால் என்ன செய்வது? நாங்கள் வைத்திருக்கிற வீட்டு விதி, யார் முறையோ அவர் வாய்விட்டுக் கேட்டால் மட்டுமே யோசனை சொல்லலாம். சின்னவர்கள் தப்பாக ஆடினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் ஜாம்பியைவிடக் கஷ்டம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு யுக்தி சொல்கிறேன். ஒரு கட்டடத்தின் முதல் கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் இருட்டறை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எடுக்க வேண்டும். பயந்துபோய் எல்லாரும் அதைத் தள்ளிப்போடுவார்கள். அது தப்புக் கணக்கு. எல்லாரும் நீலத்தில் இருக்கும்போதே பெரிய கட்டடத்தைத் திறந்துவிடுங்கள். அப்போது வருவது சின்னக் கூட்டமாக இருக்கும், தேடி எடுக்க நல்ல ஆயுதமும் கிடைக்கும். ஆரஞ்சில் திறந்தால் வீடு முழுக்கத் திருவிழாக் கூட்டம். நெக்ரோமான்சர் தலைகாட்டினால் மற்றதை விட்டுவிட்டு அவனைத் துரத்துங்கள். வரும்போதே ஜாம்பிகள் கிளம்ப ஒரு புது வாசலைத் திறந்துகொண்டுதான் வருவான்.

சென்னைக்கென்று சில தொல்லைகள். பெட்டியில் 60 நிமிடம் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், பரப்பி அடுக்கி ஆடி முடிக்க ஒரு மதியமே போய்விடும். சாப்பாட்டு மேஜை போதாது. நாங்கள் தரையில் பாய் விரித்துத்தான் ஆடுகிறோம். ஃபேன் போட்டால் அட்டை பறக்கும், நிறுத்தினால் நாம் வெந்துபோவோம். ஏசி அறை இருந்தால் பாக்கியம். கடலோரக் காற்றின் ஈரத்தில் அட்டைகள் வளைந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் பிளாஸ்டிக் உறை கட்டாயம் போடுங்கள். வயது 14-க்கு மேல் என்று பெட்டியில் இருக்கிறது. படங்களில் ரத்தம் நிறைய, சின்னப் பிள்ளைகள் இருந்தால் நீங்களே ஒருமுறை புரட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விலை உறுத்தும். அமெரிக்காவிலேயே நூறு டாலர் விலை வைத்த பெட்டி, இறக்குமதி வரியும் கப்பல் செலவும் சேர்ந்து இங்கே எங்கேயோ போய் நிற்கும். போர்டு கேம் வைத்திருக்கிற கஃபே பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே போய் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். பழைய பெட்டி வாங்குவதென்றால் பொம்மைகளை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள்: சாதாரணமாக நடக்கிற வாக்கர் 35, ரன்னர் 14, குண்டு ஜாம்பியான ஃபேட்டி 14, அபாமினேஷன் ஒன்று, நெக்ரோமான்சர் ஒன்று, நம் ஆட்கள் ஆறு. அழகுக்காகச் சொல்லவில்லை. வைக்க வேண்டிய நேரத்தில் அந்த வகைப் பொம்மை தீர்ந்துவிட்டால், பலகையில் இருக்கிற அதே வகை எல்லாமே கூடுதலாக ஒருமுறை நகரும் என்பது விதி. நாலு வாக்கர் தொலைந்த பெட்டியில் அந்த நேரம் சீக்கிரமே வந்துவிடும். விற்பவர் "நாலு பொம்மைதானே சார்" என்றால் இதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.