ஏற்றத்தில் இழுக்காத லொறி

கேள்வி: மரக்கறி ஏற்றிக்கொண்டு ரம்பொடை ஏற்றம் ஏறும்போது, பழைய 4 சிலிண்டர் டீசல் லொறி இழுக்காமல் உதறுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது. டீசல் பம்பை இறக்கிப் பார்க்கவா? – வாசகர், நுவரெலியா

பதில்: பம்பில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். ஏற்றத்தில் மட்டும் உதறினால் டீசல் லைனில் காற்று இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிளிப்பை இறுக்கி, டீசல் ஃபில்டரை மாற்றி, லைனிலுள்ள காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடியுங்கள்.

பிறகும் உதறினால், எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதன் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் இன்ஜெக்டர்; போகாவிட்டால் வால்வு இடைவெளியையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவு) பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்: பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது.

கறுப்புப் புகையென்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நுவரெலியாவின் சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு; டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கொஞ்சம் இழுவை குறையத்தான் செய்யும்.