உடைவதைப் பார்த்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கட்டமைப்புப் பொறியியல் முதுகலையில் இது எனக்குக் கடைசிப் பருவம். நிலநடுக்கத்தில் பீமும் தூணும் சேரும் இடம் என்ன ஆகிறது என்பதுதான் என் ப்ராஜெக்ட், முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தேன். கைடு பிஎச்டி சேரச் சொல்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் சில கேள்விகள் இருக்கின்றன, கேட்க ஆள் இல்லை. வடிவமைப்பு விதிகள் எல்லாம் எழுதி முடித்தாயிற்று, இனி இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? லேபில் காங்கிரீட்டை வார்த்து உடைப்பதெல்லாம் போன தலைமுறை வேலை, இனிமேல் சிமுலேஷனும் மெஷின் லேர்னிங்கும்தான் என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்கள், அது சரியா? கடைசியாக, என் ஆயுளில் வருமா வராதா என்றே தெரியாத ஒன்றுக்காக முப்பது நாற்பது வருஷம் வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? சலிப்பு வராதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

'விதிகள் எழுதி முடித்தாயிற்று' என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். 1994 ஜனவரி 17 அதிகாலை வரைக்கும் ஸ்டீல் கட்டடங்களைப் பற்றி எங்கள் துறையில் பெரும்பாலோர் நினைத்திருந்தது இதைத்தான். எஃகு இழுத்தால் நீளும், மடக்கினால் மடங்கும், சட்டென்று முறியாது. பீமைத் தூணோடு ஒழுங்காக வெல்ட் செய்துவிட்டால் நிலம் எவ்வளவு ஆடினாலும் பீம் வளைந்து வளைந்தே அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. அன்றைக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் நிலம் ஆடியது. அந்த வகைக் கட்டடம் எதுவும் விழவில்லை. பலவற்றை வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் உள்ளே போய், தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் பீமின் கீழ்த்தகடு தூணில் சேரும் வெல்டில் விரிசல் இருப்பது தெரிந்தது. சில இடங்களில் விரிசல் தூணின் தகட்டையே கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இதே கதை.

காரணம் தேடினால் எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள். வெல்டுக்குப் பயன்படுத்திய உலோகம் நாம் நினைத்ததைவிட எளிதில் முறியக்கூடியது. வெல்ட் செய்ய அடியில் வைக்கும் பட்டையை எடுக்காமலே விட்டிருந்தார்கள், அது அங்கே கத்தி கீறினாற்போல ஒரு பிளவை மிச்சம் வைத்தது. கீழ்த்தகட்டை வெல்ட் செய்கிறவருக்கு நடுவில் பீமின் செங்குத்துத் தகடு குறுக்கே நிற்கும், அங்கே நிறுத்திவிட்டு மறுபக்கம் போய் மறுபடி தொடங்க வேண்டும், குறைகள் சேர்வது அந்த இடத்தில்தான். இதோடு இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம்: இந்த இணைப்பு நல்லது என்று காட்டிய பழைய சோதனைகள் பெரும்பாலும் சிறிய பீம்களில் செய்தவை. கட்டடங்களில் போட்டதோ அதைவிடப் பெரிய பீம்கள். சிறியதில் சரியாக நடந்தது பெரியதிலும் நடக்கும் என்று யாரும் தனியாக முடிவெடுக்கவில்லை, அது தானாகவே வழக்கத்தில் வந்துவிட்டது.

பிறகு கண்டுபிடித்த தீர்வுகளில் ஒன்று, தூணிலிருந்து கொஞ்சம் தள்ளி பீமின் தகடுகளை இரு ஓரமும் வளைவாக வெட்டி எடுத்து வேண்டுமென்றே ஒல்லியாக்குவது. வளைவது அங்கே நடக்கட்டும், வெல்ட் பிழைத்துக்கொள்ளும். பலவீனமாக்கினால் பத்திரமாகும் என்பதைக் காகிதத்தில் மட்டும் காட்டியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? முழு அளவு பீம்களை லேபில் ஆட்டி ஆட்டி உடைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

இன்னொரு ஊரையும் சொல்லிவிடுகிறேன். எந்த உறுப்பு முதலில் வளைய வேண்டும் என்று நாமே முடிவு செய்து, மற்றவற்றை அதைவிட வலுவாக வைக்கும் முறையை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். தூண் வலுவாக இருக்கட்டும், பீம் வளையட்டும் என்கிறோமே, அதுதான். இதை வளர்த்தெடுத்ததில் பெரும்பங்கு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் பார்க்குக்கும் டாம் பாலேவுக்கும் உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கிறைஸ்ட்சர்ச்சையே 2011 பிப்ரவரி 22 அன்று நிலநடுக்கம் தாக்கியது. 185 பேர் இறந்தார்கள், அதில் 115 பேர் ஒரே கட்டடத்தில், உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் இருந்த சிடிவி கட்டடத்தில். ஆனால் நவீன விதிப்படி ஒழுங்காகக் கட்டிய பல கட்டடங்கள் சொன்னபடியே நடந்துகொண்டன. பீம்கள் வளைந்தன, தூண்கள் நின்றன, உள்ளே இருந்தவர்கள் நடந்தே வெளியே வந்தார்கள். இந்த முறையின் வெற்றி அது. அப்புறம் அந்தக் கட்டடங்களில் பலவற்றை இடிக்க வேண்டியதாயிற்று. நகரின் மையத்தில் ஆயிரத்துக்கும் மேல் கட்டடங்கள் போய்விட்டன, வருஷக்கணக்கில் அங்கே வெற்று மனைகள்தான் கிடந்தன.

ஏன் இடித்தார்கள்? பல காரணங்கள், காப்பீடும் அதில் உண்டு. பொறியாளரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: காங்கிரீட்டுக்குள் ஒரு முறை வளைந்து நீண்ட கம்பியில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது, அடுத்த ஆட்டத்தை அது தாங்குமா? அதற்கு உறுதியான பதில் கையில் இல்லை. உயிரைக் காப்பாற்றுவது எப்படி என்று விதி சொன்னது, கட்டடத்தைத் திரும்பப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே எத்தனையோ பிஎச்டிக்கு இடமிருக்கிறது, உங்களுடையதும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

சரி, சிமுலேஷன். நான் அதற்கு எதிரி இல்லை. ஒரு நகரத்தையே லேபுக்குள் கொண்டுவர முடியாது, ஒரே கட்டடத்தை ஆயிரம் விதமான நில அசைவுகளில் ஆட்டிப் பார்க்கவும் முடியாது, கம்ப்யூட்டரில்தான் முடியும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓப்பன்சீஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் இல்லாமல் என் மாணவர்களின் ஆய்வேடுகளில் பாதி இருந்திருக்காது. ஆனால் 2010இல் சான் டியேகோவின் ஷேக் டேபிளில், அதாவது நிலநடுக்கம் போலவே ஆட்டும் பெரிய மேடையில், ஒரு முழு அளவுப் பாலத் தூணை ஏற்றி ஆட்டினார்கள். ஆட்டுவதற்கு முன்பே தூணின் வரைபடம், கம்பி, காங்கிரீட் விவரம் எல்லாவற்றையும் வெளியிட்டு, என்ன நடக்கும் என்று கணித்துச் சொல்லுங்கள் என்று போட்டி வைத்தார்கள். பல நாடுகளிலிருந்து அணிகள் கலந்துகொண்டன. ஒரே ஒரு தூண், அதுவும் இருப்பதிலேயே எளிமையான அமைப்பு, கணிப்புகளோ ஒன்றுக்கொன்று வெகுதூரம் சிதறிக் கிடந்தன. எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். மாடலுக்குள் நாம் போடும் எண்கள் எங்கோ யாரோ உடைத்துப் பார்த்ததிலிருந்து வருகின்றன, அந்தச் சோதனையில் இல்லாத ஒன்று இங்கே நடந்தால் மாடலுக்கு அது தெரியாது. மெஷின் லேர்னிங்குக்கும் இதேதான். கற்றுக்கொள்ள அதற்குச் சோதனைத் தரவு வேண்டும், அதை யாராவது வார்த்து, கட்டி, உடைத்தால்தான் கிடைக்கும்.

என் பிஎச்டியில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் தலைப்புதான், பீமும் தூணும் சேரும் இடம். கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் சின்ன உணரியான ஸ்ட்ரெயின் கேஜைக் கம்பியில் ஒட்டுவதற்கே எனக்கு மூன்று வாரம் ஆனது. கம்பியின் முகடுகளைக் கொஞ்சம் தேய்த்து மழமழப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து, விரல் படாமல் கேஜை வைத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஒயரைச் சூடு வைத்துப் பற்றவைத்து, மேலே ஈரம் புகாத பூச்சு பூச வேண்டும். இருபத்து நான்கு ஒட்டினேன். காங்கிரீட் போட்டு, வைப்ரேட்டர் விட்டு, மறுநாள் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்பது செத்திருந்தன. இருபத்தெட்டு நாள் கழித்துச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினோம், வெள்ளையில்தான் விரிசல் நன்றாகத் தெரியும். ஆக்சுவேட்டர் என்ற தள்ளி இழுக்கும் இயந்திரம் பீமின் நுனியைக் கொஞ்சம் தள்ளும், கொஞ்சம் இழுக்கும், பிறகு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்திவிட்டுக் கிட்டே போய், தள்ளியபோது வந்த விரிசலைச் சிவப்பிலும் இழுத்தபோது வந்ததை நீலத்திலும் பேனாவால் வரைந்து, பக்கத்தில் சுற்றின் எண்ணை எழுத வேண்டும்.

மாடல்படி பீம்தான் வளைந்திருக்க வேண்டும். மூன்றாவது படியிலேயே, விசைக்கு எதிராக நகர்வைக் காட்டும் வரைபடத்தின் வளையம் நடுவில் ஒடுங்க ஆரம்பித்தது. தள்ளுகிறோம், பீம் நகர்கிறது, விசை ஏறவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் பீமின் அடிக்கம்பி தூணுக்குள் பிடிப்பு விட்டு வழுக்கிக்கொண்டிருந்தது. இணைப்பின் உள்ளே கம்பியும் காங்கிரீட்டும் பிரியும்போது ஒரு சத்தம் வரும், உலர்ந்த சுள்ளி ஒடிவது போல, மெதுவாகத்தான் கேட்கும். அதை இன்றைக்கும் என்னால் அடையாளம் சொல்ல முடியும். அந்தச் சோதனை தோற்றுவிட்டதாக நினைத்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. என் கைடு தரவை எல்லாம் பார்த்துவிட்டு, "எது நடந்ததோ அதை எழுது, எது நடந்திருக்க வேண்டும் என்பதை அப்புறம் பார்க்கலாம்" என்றார். கட்டுரை ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. கூட ஆரம்பித்தவர்கள் எனக்கு முன்னால் வேலைக்குப் போனார்கள், அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் என் ஆய்வேட்டில் இன்றும் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் அத்தியாயம் அந்த வழுக்கலைப் பற்றியதுதான்.

மூன்றாவது கேள்வி. காத்திருப்பு உண்டு, மறைக்க மாட்டேன். பெரிய நிலநடுக்கம் வந்ததும் நிதி வரும், கூட்டங்கள் நடக்கும், உங்களைத் தேடி வந்து பேசச் சொல்வார்கள். சில ஆண்டுகள் போனால் எல்லாம் அடங்கிவிடும், அப்போதும் நீங்கள் அதே வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். நடுவில் தற்காலிக வேலைகள், ஊர் ஊராக மாறுவது, கட்டுரைக் கணக்கு, இதெல்லாம் எந்தத் துறைக்கும் பொது, நீங்கள் வேறு இடத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். மெக்சிகோ நகரத்தில் 1985 செப்டம்பர் 19 அன்று பல நூறு கிலோமீட்டர் தள்ளி வந்த நிலநடுக்கம், பழைய ஏரிப்படுகையின் களிமண்ணில் பெருகி, ஏறக்குறைய ஆறிலிருந்து பதினைந்து மாடி வரையுள்ள கட்டடங்களைத் தேடித் தேடி அடித்தது. மண்ணின் ஆட்டமும் அந்த உயரக் கட்டடங்களின் ஆட்டமும் ஒரே தாளத்தில், இரண்டு வினாடிக்கு ஒரு முறை. சரியாக 32 ஆண்டு கழித்து, 2017இல், அதே செப்டம்பர் 19 அன்று, ஆண்டுதோறும் நடக்கும் நிலநடுக்க ஒத்திகை முடிந்து சில மணி நேரத்தில் மறுபடியும் வந்தது. இந்த முறை வந்தது வேறு மாதிரி, நகரத்துக்குக் கிட்டே, அதனால் அடிபட்டவையும் பெரும்பாலும் உயரம் குறைந்த கட்டடங்கள். அந்த 32 ஆண்டும் அங்கே மண்ணையும் கட்டடங்களையும் அளந்துகொண்டிருந்தவர்கள் எதற்காகவும் சும்மா காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்குச் சலிப்பு வராததற்கு வேறு காரணம் உண்டு. நிலநடுக்கம் முடிந்த ஊர் ஒன்றுக்கு ஆய்வுக் குழுவோடு போயிருந்தேன். இடிபாட்டில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள், கேமராவை எடுக்கவே கை கூசியது. அவர்கள் வேலை முடிந்து நகரும் வரை தள்ளி நின்றோம். பிறகு ஒரு தூணைப் பார்த்தேன். வெளிக்காங்கிரீட் உதிர்ந்து, நீளக் கம்பிகள் கூண்டு பிதுங்கினாற்போல வெளியே வளைந்திருந்தன. சுற்றிக் கட்டிய ரிங்குகள் எதுவும் அறுந்திருக்கவில்லை, எல்லாம் கொக்கி விரிந்து திறந்திருந்தன. 90 டிகிரியில் மடக்கிய கொக்கி. அந்தக் கொக்கியைப் பிடித்திருப்பது வெளிக்காங்கிரீட் மட்டும்தான், ஆட்டத்தில் முதலில் உதிர்வதும் அதுதான், உதிர்ந்ததும் கொக்கி நழுவும், உள்ளே இருக்கும் காங்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க ஆளில்லாமல் போகும். அதையே 135 டிகிரி மடக்கியிருந்தால் நுனி தூணின் உள்காங்கிரீட்டுக்குள் புதைந்து நின்றிருக்கும். மிச்சம் 45 டிகிரி. இது எங்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும், விதியிலும் இருக்கிறது. பிறகு ஏன் மடக்கவில்லை என்று கம்பி கட்டுகிறவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் பதில் வருகிறது: நெருக்கமான கூண்டுக்குள் முழுக்க மடக்கிய கொக்கியை நுழைக்க முடியவில்லை, நுழைத்துவிட்டு மடக்கலாம் என்றால் கை போக இடமில்லை.

அதற்கப்புறம் என் ஆய்வில் பாதி இந்த 45 டிகிரியைச் சுற்றித்தான் போனது. எளிதாக நுழையும் ரிங் எப்படி இருக்க வேண்டும், எந்த வடிவத்தில் போட்டால் திறக்காது, கட்ட எத்தனை நிமிஷம் ஆகும் என்று கடிகாரம் வைத்து அளப்பது. பெரிய பத்திரிகைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் சேர்வதா வேண்டாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். கைடிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டுகளில் ஒரு மாதிரியையாவது என் கையால் வார்த்து உடைக்க முடியுமா? இதற்கு முன் உங்கள் மாணவர் யாருடைய சோதனையாவது நினைத்தபடி நடக்காமல் போயிருந்தால் அதை ஆய்வேட்டில் எழுதவிட்டீர்களா? இரண்டாவது கேள்விக்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உதாரணம் சொல்ல ஆரம்பித்தாரென்றால் நல்ல இடம்.

அதற்கு முன் ஒரு நாள் லேபின் பின்பக்கம் போய் வாருங்கள். உடைத்து முடித்த பீம்களும் தூண்களும் எல்லா லேபிலும் எங்காவது அடுக்கிக் கிடக்கும், சிவப்பும் நீலமுமான கோடுகள் மழையில் பாதி அழிந்திருக்கும். எது முதலில் உடைந்தது, எது அப்புறம் என்று அந்தக் கோடுகளையும் எண்களையும் வைத்துக் கண்டுபிடிக்கப் பாருங்கள். குனிந்து கொக்கியையும் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.