ஹார்ட் டிஸ்க் செருகினால் மவுஸ் திக்குகிறதா?

நண்பரே, வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஓடும்போது மட்டும் வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது, பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை என்கிறீர்கள். அந்த 'மட்டும்' போதும், காரணம் அதில்தான் இருக்கிறது. மவுஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், அவசரப்பட்டுப் புதிது வாங்கிவிடாதீர்கள்.

டிஸ்க் செருகியிருக்கும் யூஎஸ்பி 3.0 இணைப்பு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது கேபிளிலிருந்தும் போர்ட்டிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும்; அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பரவியிருக்கும், உங்கள் மவுஸின் குட்டி ரிசீவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதும் அதே அலைவரிசையைத்தான். இன்டெல் 2012-லேயே இதை அளந்து பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ரிசீவர் டிஸ்க்குக்கு அடுத்த போர்ட்டிலேயே இருந்தால், சந்தைக்கடை நடுவே ரகசியம் பேசுகிற கதைதான்.

முதலில் காசு செலவில்லாமல் ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சரியாகவில்லை என்றால் ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்தில், டிஸ்க்கிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். டிஸ்க்கின் கேபிள் மட்டமான ஷீல்டு (இரைச்சல் கசியாமல் தடுக்கும் உலோக உறை) உள்ளதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டிவரும்.

அப்புறம், டிஸ்க் இல்லாதபோதும் மவுஸ் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு எழ மறுத்தால் அது வேறு பிரச்சினை: விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். போர்ட் மாற்றியதும் என்ன ஆனது என்று மறக்காமல் சொல்லுங்கள்.