அலைன்மென்ட் முடிந்தும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா?

கேள்வி: முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டு மதுரையில் ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்தேன். ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் உசிலம்பட்டிக்குத் திரும்பும் வழியில் கவனித்தால், வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. கடையில் கேட்டால், "ஓட ஓட சரியாயிடும். இல்லைன்னா ஸ்டீயரிங்கைக் கழட்டி நேரா மாட்டித் தர்றோம்" என்கிறார்கள். ஸ்விஃப்ட் கார். என்ன செய்வது?

பதில்: ஓட ஓட சரியாகாது. ஸ்டீயரிங்கைக் கழற்றவும் விடாதீர்கள். இது டை ராடில், அதாவது ஸ்டீயரிங்கின் அசைவை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியில், செய்ய வேண்டிய வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் இடது ஓரம் சற்றுச் சரிந்திருக்கும். அதனால் வண்டி லேசாக இடதுபக்கம் போகப் பார்க்கும், நாம் அறியாமலே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலதுபக்கம் பிடித்திருப்போம். உங்களுக்கோ இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே பழியைச் சாலை மேல் போட முடியாது. இரண்டு முன் டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ரிப்போர்ட் பச்சையாக இருந்தும் ஏன் இப்படி? முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டை ராடு உண்டு. அதன் நீளத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் டோ வைக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கிறது என்பதுதான் டோ. இரண்டு பக்கமும் சேர்ந்த மொத்த டோ சரியாக இருந்தால் வண்டி நேராக ஓடும், டயரும் தேயாது. ஆனால் அந்த மொத்தம் இரு பக்கமும் சமமாகப் பிரியாவிட்டால் ஸ்டீயரிங் கோணிக்கொள்ளும். டோ வைக்கும் முன் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைத்து, நடுவில் நிறுத்தி, ஹோல்டர் போட்டுப் பூட்ட வேண்டும். அவசரத்தில் கண் மதிப்பில் கோணலாகப் பூட்டியிருந்தால், கம்ப்யூட்டர் அந்தக் கோணலையே நேர் என்று எடுத்துக்கொண்டு பச்சை காட்டும். இன்னொரு காரணமும் உண்டு. டை ராடின் நீளம் மாறாமல் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட் ஒரு பக்கத்தில் துருப்பிடித்துத் திரும்பாமல் இருந்தால், சிலர் அதை விட்டுவிட்டு இன்னொரு பக்கத்திலேயே முழு அளவையும் ஏற்றிவிடுவார்கள். கேட்டுப் பாருங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

சரி, திருத்துவது எப்படி? ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டினால் உங்கள் காரில் இரு முன் சக்கரங்களும் லேசாக வலதுபக்கம் பார்க்கும். இரண்டையும் ஒரே அளவு இடதுபக்கம் கொண்டுவர வேண்டும். ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் நகர்ந்து டை ராடுகளைத் தள்ளும் பல் தண்டு) முன் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் (முன்சக்கர இழுவைக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான்) இடது டை ராடைக் குறைத்து, வலது டை ராடை அதே அளவு நீட்டினால் போதும். மொத்த டோ மாறாது. சிறிய கார்களில் இரு பக்கமும் ஒரு முழுச் சுற்று திருப்பினால் ஸ்டீயரிங் சுமார் 10 டிகிரி நகரும். இது தோராயக் கணக்குதான், அதனால் கால் சுற்று, அரைச் சுற்றாகப் போவதே நல்லது. ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி ஸ்டீயரிங்கை நேராக்கினால் டோ கெட்டு, டயர் ஓரம் தேய்ந்துபோகும். புது டயர் போட்ட கையோடு அந்த நஷ்டம் உங்களுக்கு வேண்டாம். ராடைத் திருகும் முன் அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) கிளிப்பையும் தளர்த்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பூட் முறுக்கிக் கிழியும், ராக்கில் மண் ஏறும்.

ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டுவதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். 2019 ஜூலை முதல் இங்கே விற்கும் புதுக் கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அது ஸ்டீயரிங்கின் நடுவில்தான் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றாமல் அங்கே கை வைப்பது ஆபத்து. அதன் கீழே இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஏர்பேக்குக்கு மின் இணைப்பு தரும் சுருள் ஒயர்) இடம் மாறினால் கடைசி வரை திருப்பும்போது ஒயர் அறுந்து, ஏர்பேக்கே வேலை செய்யாமல் போகலாம். ராக்கும் நடுவில் இல்லாமல் நிற்கும், ஒரு பக்கம் யு டர்ன் எடுப்பதற்கு மட்டும் அதிக இடம் கேட்கும்.

வேலை முடிந்ததும் கடைக்காரரையே பக்கத்தில் உட்கார வைத்து ரிங் ரோட்டில் ஒரு சுற்று போய்வாருங்கள். டேஷ்போர்டில் ஸ்டீயரிங் அல்லது இஎஸ்பி (வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால், ஸ்கேனர் வைத்து ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ரீசெட் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், முதல் வேலையே முடியவில்லை.

எல்லாம் செய்தும் சில நாளில் மறுபடி கோணினால் டை ராடு எண்டு, ராக் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று வண்டியைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் விழுந்த வண்டி என்றால் பின் அச்சும் லேசாக விலகியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டி அளக்கும் கடைதான் சரிப்படும்.