Re: சும்மா இருந்தாலும் "கோவமா?"னு கேக்குறான்
உங்க அக்கா பையன், 7 வயசு, அப்பாகிட்ட அடி வாங்கி வளந்தவன், நீங்க போனைப் பாத்து லேசா புருவத்தைச் சுருக்கினாகூட மூலையில போய் ஒண்டிக்கிறான், நடிக்கிறானோன்னு கேட்டிருக்கீங்க. நடிப்பு இல்லங்க. அமெரிக்காவுல சேத் போலக்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 2002ல வந்த ஸ்டடி, மங்கலான முகப் படத்தை கொஞ்சம் கொஞ்சமா தெளிவாக்கிக் காட்டினாங்க, அடிபட்ட பிள்ளைங்க மத்த பசங்களைவிட முன்னாடியே, படம் சரியா தெரியாதப்பவே கோவத்தைக் கண்டுபிடிச்சிடுச்சுங்க. அடி எப்ப விழும்னு தெரிஞ்சாதானே தப்பிக்க முடியும்!

அதனால வாயால சொல்லிடுங்க, "எழுத்து சின்னதா இருக்குடா, உன்மேல கோவம் இல்ல"ன்னு. நிஜமாவே கோவம்னா மறைக்காதீங்க, கண்டுபிடிச்சிடுவான், "கோவந்தான், ஆனா அடிக்க மாட்டேன்"னு சொல்லுங்க. தூக்கத்துலயும் அலறுறான்னா சைல்ட் சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தள்ளிப்போடாதீங்க.