சனி, ஞாயிறு மழை வருமா? இலையுதிர்கால வானிலைக் கணிப்பைப் படிப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சனிக்கிழமை மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்று காட்டுகிறது. மதியம் தோட்டத்தில் ஐம்பது பேருக்கு விருந்து. வைக்கலாமா?

பதில்: அந்த 40-ஐ மழையின் அளவாகவோ நேரமாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் உங்கள் இடத்தில் அளக்கக்கூடிய மழை, அதாவது சுமார் 0.2 மி.மீ.யாவது, விழுவதற்குப் பத்தில் நான்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 0.2 மி.மீ. மழையால் விருந்து கெடாது. அதனால் பக்கத்தில் இருக்கும் மி.மீ. கணக்கையும் பாருங்கள். 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். மணிக்கு 2.5 மி.மீ.க்குள் இருந்தால் லேசான மழை. 10-ஐத் தாண்டினால் கனமழை. பந்தல் துணியில் தண்ணீர் தேங்கித் தொய்ந்துவிடும்.

அடுத்து, அது எத்தனை மணி நேரத்துக்கான சதவீதம் என்று பார்க்க வேண்டும். நாள் முழுதுக்கும் 40 என்று இருக்கும்போதே, மதியம் 12 முதல் 3 வரை 10 ஆகவும், இரவு 7-க்கு மேல் 40 ஆகவும் இருக்கலாம். இந்தப் பருவத்தில் குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் முகப்பில் மழை ஒரு பட்டையாக வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் கடந்துவிடும். பட்டை உங்கள் ஊரைத் தொடும் நேரம்தான் முக்கியம். அந்த நேரம் புதன், வியாழனில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். சமையலுக்குச் சொல்வதை வேண்டுமானால் அன்றே சொல்லுங்கள். கூரையா, திறந்தவெளியா என்பதை வெள்ளி மாலை முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: என் போனில் இரண்டு செயலிகள். ஒன்று வெயில் என்கிறது, இன்னொன்று மழை என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் வெவ்வேறு கணினிக் கணிப்பிலிருந்து எடுத்திருக்கும். பெரிய உலகக் கணிப்புகள் கிரீன்விச் நேரப்படி 0, 6, 12, 18 மணி நிலவரத்தை வைத்து நாளுக்கு நான்கு முறை ஓடுகின்றன. முடிவு வெளிவரச் சில மணி நேரம் ஆகும். செயலி காட்டுவது காலையில் வந்த பழைய முடிவாகவும் இருக்கலாம், எனவே புதுப்பித்த நேரத்தைப் பாருங்கள். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் (ECMWF) தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 கணிப்புகளை ஒன்றாக ஓட்டுகிறது. அவை ஒத்துப்போனால் நம்பலாம், சிதறினால் மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். எந்த ஒரு செயலியையும் தலைமேல் வைத்துக் கொண்டாட நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: குறைந்தபட்சம் 3 டிகிரி என்றார்கள். காலையில் பார்த்தால் தக்காளிச் செடி இலையெல்லாம் கருகிக் கிடக்கிறது. கணிப்பு தப்பா?

பதில்: கணிப்பு சரியாகவே இருந்திருக்கும். காற்றின் வெப்பத்தைத் தரையிலிருந்து ஏறக்குறைய 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழல் பெட்டிக்குள் அளக்கிறார்கள். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்துவிடும். புல் மட்டத்தில் 3 முதல் 5 டிகிரி வரை குறைவாக இருக்கலாம். ஆகவே 4 டிகிரி, தெளிந்த வானம், காற்று இல்லை என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் உறைபனியை எதிர்பாருங்கள்.

மதியமே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈர மண் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும். சூரியன் மறையும் முன், தரையில் சூடு இருக்கும்போதே துணியால் மூடுங்கள். துணி தரைவரை தொங்க வேண்டும். தண்டோடு சேர்த்துக் குடை மாதிரி கட்டிவிட்டால் தரைச் சூடு உள்ளே வராது, மூடியும் பயனில்லை. பிளாஸ்டிக் தாள் என்றால் இலையைத் தொடாதபடி குச்சி நட்டுப் போடுங்கள். தொட்ட இடத்தில் இலை கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு விடியற்காலை 6 மணிக்குக் காரில் கிளம்ப வேண்டும். மூடுபனி இருக்குமா என்று முன்னாலேயே தெரியுமா?

பதில்: சனி மாலை பனிப்புள்ளியைப் பாருங்கள், காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. இரவின் குறைந்தபட்ச வெப்பம் அதைத் தொடும் அல்லது கீழே போகும் என்று இருந்து, வானம் தெளிந்து, காற்று மணிக்கு 8 கி.மீ.க்குள் இருந்தால் வாய்ப்பு அதிகம். பகலில் மழை பெய்து நிலம் ஈரமாயிருந்தால் இன்னும் அதிகம். பள்ளத்திலும் ஆற்றோரத்திலும் முதலில் இறங்கும். பார்வை 1 கி.மீ.க்குக் கீழே போனால்தான் அதை மூடுபனி என்பார்கள். இந்தப் பருவத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் கலைய நேரமாகும். முடிந்தால் பயணத்தை 10 மணிக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: ரேடார் படம் சுத்தமாக இருந்தது. வெளியே தூறல்!

பதில்: ரேடார் கதிர் தூரம் போகப்போக உயரும். 0.5 டிகிரி சாய்வில் 100 கி.மீ. தள்ளி ஏறக்குறைய 1.5 கி.மீ. உயரத்தில் போகும். தாழ்ந்த மேகத்தின் தூறல் அதற்குக் கீழேயே விழுந்துவிடும்.

கேள்வி: காற்று 30 கி.மீ., வீச்சு 60 என்று இருக்கிறது. கூடாரம் போட எதைக் கணக்கில் எடுப்பது?

பதில்: 60-ஐ. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். முளையைப் பிடுங்குவது அந்தச் சில நொடி வீச்சுதான். மரத்தடியில் போடவே வேண்டாம். இன்னும் இலை உதிர்ந்து முடியாத மரம் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும், மண்ணும் ஊறியிருந்தால் வேரோடு சாயும்.

கேள்வி: 5 டிகிரிதான், ஆனால் 0 போல உணரும் என்கிறதே?

பதில்: மணிக்கு 30 கி.மீ. காற்று உடல் சூட்டைப் பறிக்கும் என்பதால், அது சரியான கணக்குத்தான். உடலுக்கு மட்டும் பொருந்தும்; குழாய்த் தண்ணீர் அதனால் உறையாது.